இரண்டாவது பொய்முடி

ஹலோ... ஹலோ, ஆர் கதைக்கிறது?... ஆ, சாருவே! சாருஜா, நான் யோகராணி அன்ரி, குஞ்சு... ஓம், அம்மான்ர போன்தான். என்ர கையில இருக்கு... இல்லை, அவ பக்கத்தில இல்லை. அங்கால கமராவுக்கு முன்னால இருக்கிறா... ஓம், ஓம்... எத்தினை தரம் அடிச்சனீ?... ஒம்பதோ! எனக்குக் கேக்கேல்லை பிள்ளை. காலமை பஸ்ஸால இறங்கின உடனேயே எல்லாற்ற போனையும் வாங்கி, பேரும் நம்பரும் எழுதி, பிளாஸ்ரிக் பையில போட்டு வச்சிடுறது. இஞ்ச அதுதான் சட்டம். நூத்தைம்பது வருசத்துக்கு முந்தி அமெரிக்காவில அபாச்சி எண்ட பூர்வகுடிச் சனம் சீவிச்ச மாதிரி நடிச்சுக் காட்டுறம், நடுவில ஆரின்ர மடியிலயாவது போன் அடிச்சா எப்பிடி இருக்கும்?...

சரி, சரி, மூச்சை விட்டிட்டுச் சொல்லு... ஓம்... ஓம்... டொக்டரோ சொன்னவர்?... "வரவேண்டிய ஆக்களை வரச் சொல்லுங்கோ" எண்டோ... ம்... எப்ப சொன்னவர்?... அரை மணித்தியாலத்துக்கு முன்னமோ.

ம்.

அழாதை... அழாதை எண்டுறன். நான் சொல்லுறதைக் கேள். டொக்டர்மார் இப்பிடித்தான், எல்லாருக்கும் இதைத்தான் சொல்லுவினம். லாசால் பக்கம் இருக்கிற எங்கட அருளம்பலத்தாருக்கும் போன வருசம் இதைத்தான் சொன்னவை. கனடா முழுக்க இருந்து சனம் வந்து இறங்கிச்சுது. அந்தாள் எழும்பி இருந்து, வந்த சனத்துக்கு ரீ போடு எண்டு மனுசியில எரிஞ்சு விழுந்தது... என்ன, சிரிப்பு வரேல்லையோ?... சரி, சிரிக்காதை.

என்ன?... ஓம், சொன்னனான். இல்லையெண்டு எப்ப சொன்னனான்? முந்தநாள் டவுன்டவுன் ஆஸ்பத்திரி வராந்தாவில, உனக்கு முன்னாலதானே சொன்னனான். "ஜெயமதி, நீ ஒண்டுக்கும் யோசியாதை, போன் என்ர கையில இருக்கும், ஒரு சத்தம் வந்தா ஓடிவந்து சொல்லுவன், வசீகரன்ர கார் ஆயத்தமா நிக்கும்" எண்டு. அப்பிடிச் சொல்லித்தானே மனுசியைக் கட்டிலடியில இருந்து எழுப்பிக் கொண்டுவந்தனான்... ஓம், ஓம், மறக்கேல்லை. காரும் நிக்குது. என்னோட வேலை செய்யிற வசீகரனும் இஞ்சதான், என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறான்... ஒண்டுமில்லை வசீ, நீ போ, சாருதான், சும்மா கேக்கிறாள்...

உனக்கில்லை பிள்ளை, அவனுக்குச் சொன்னனான்... இப்ப குடுக்கேலாது.

ஏலாது எண்டால் ஏலாது. கத்தாதை... பிரெஞ்சில கத்தினா எனக்கு விளங்காது எண்டு நினைக்காதை. முப்பது வருசம் இந்த ஊரில இருக்கிறன், பிரெஞ்சில திட்டு வாங்கித்தான் பிரெஞ்சு படிச்சனான். தமிழில கதை... ஆ, அப்பிடிக் கதை.

இப்ப நான் நிலைமையைச் சொல்லுறன், நீ வளர்ந்த பிள்ளை, யூனிவேர்சிட்டி போற பிள்ளை, விளங்கிக்கொள்ளுவாய். பத்து நாளைக்கு முன்னம், அப்பா நல்லா இருக்கேக்க, முதல் நாள் ஷூட்டிங் நடந்தது எல்லே? அதில அம்மான்ர முகம் கிட்டத்தில, பெரிசா வந்திட்டுது. சோளம் இடிக்கிறா, புருசனைப் பாத்துச் சிரிக்கிறா. அப்ப இண்டைக்கு அந்தப் புருசன் சாகேக்க, அழுறதும் அதே முகமாத்தானே இருக்கோணும்? வேற ஆளை வைக்கேலாது. படம் பாக்கிற சனம் என்ன குருடே?... ஓம், ஆவணப்படம்தான். ஆவணப்படம் எண்டால் ஆரும் வந்து ஆரும் போகலாமோ?...

கேள், கேள். காட்சி என்னெண்டால், புருசனை வெள்ளைக்காரச் சிப்பாய் சுட்டுப்போட்டான். பெண்சாதி உடம்புக்குப் பக்கத்தில இருந்து தன்ர கூந்தலைத் தானே கத்தியால அறுத்து எறியோணும். அவையளின்ர வழக்கமாம். அதுக்கெண்டு பொய்முடி ரெண்டு செய்விச்சவங்கள். ரெண்டே ரெண்டு. ஒண்டு மத்தியானம் வெட்டி முடிஞ்சுது. இப்ப ரெண்டாவதை அம்மான்ர தலையில குத்திக்கொண்டிருக்கிறாளவை. இது போனால் படமும் போச்சு. வெளிச்சமும் போகுது. இது கல்லுடைக்கிற கிடங்கு பிள்ளை, நாலு பக்கமும் மதில் மாதிரி, நிழல் கெதியா இறங்கிடும். இன்னும் அரை மணித்தியாலம், அவ்வளவுதான். அது முடிய நானே காரில ஏத்தி அனுப்புறன்...

எவ்வளவு தூரமோ? ஒண்டேகால் மணித்தியாலம். பாலத்தில ட்ராஃபிக் எண்டால் ஒண்டரை... ஓம், தெரியும் கணக்கு எனக்கு. அப்ப இப்ப வெளிக்கிட்டாலும் ஆறரை, பேந்து வெளிக்கிட்டா ஏழு. ஆறரைக்கு இருக்கிற உயிர் ஏழுக்கும் இருக்கும்.

...

அப்பிடிப் பேசாதை. வயசுக்கு மூத்தவளைப் பாத்து அப்பிடிச் சொல்லக்கூடாது... சரி, சொல்லு. சொல்லி முடி. நான் கேக்கிறன்... ஓம்... ஓம்... ஓம், நான் கல்லுத்தான். முடிஞ்சுதோ?

இப்ப நான் சொல்லட்டோ? பதினாலு வருசமா இந்த ஊர்ப் படங்களுக்கு எங்கட சனத்தை பஸ்ஸில ஏத்திக்கொண்டு திரியிறன். பதினாலு வருசம்! விமான நிலையத்தில கியூவில நிக்கிற சனம், குண்டு வச்சவன்ர தாய், டாக்சிக்காரன்ர பெண்சாதி... எல்லாத்திலயும் நான் இருக்கிறன், ஆனா முதுகு. முகம் இல்லை. ஒரு படத்திலயும் என்ர முகம் இல்லை. இப்பதான் முதல் தரம் எங்கட ஒரு மனுசியின்ர முகம் திரை நிறைய வரப்போகுது, கீழ என்ர பேரும் வரப்போகுது, "யோகராணி" எண்டு, எழுத்தில. டிரெக்டர் காலமை கையைப் பிடிச்சுச் சொன்னவன்... என்னது? நானே நடிச்சிருக்கலாமோ?

...

கேட்டனான். கேட்டனான் பிள்ளை. என்னை மேலயும் கீழயும் பாத்திட்டு, நீங்கள் நல்லாச் சாப்பிட்ட ஆள் மாதிரி இருக்கிறியள் எண்டான். பின்வரிசையில நிண்ட கொம்மாவைக் கையால காட்டினான். பஸ்ஸில இடம் நிரப்பக் கொண்டுவந்த ஆள்! மட்டக்களப்பில, கரடியனாத்து வெயிலில காஞ்ச அந்த முகத்தில அவன் என்னத்தைக் கண்டானோ தெரியாது. அண்டைக்கு எனக்குப் பத்தி எரிஞ்சது. பேந்து, சரி, எங்கட சனம்தானே எண்டு மனசை ஆத்திக்கொண்டன்... 

ஏன் அபாச்சி ஆக்களையே வச்சு எடுக்கேல்லை எண்டு என்னட்டக் கேக்கிறாய்? அவையள் எங்கயோ அரிசோனாவில. ஒரேயொரு மனுசி வந்திருக்கிறா, ஆலோசகராம். பாலத்துக்கு அங்கால இருக்கிற மோஹாக் எண்ட பூர்வகுடிச் சனத்தில சிலரைக் கேட்டுப் பாத்தவங்கள். நாங்கள் வேற இனம், வேற ஆக்களின்ர செத்தவீட்டை நடிக்கமாட்டம் எண்டு சொல்லிப்போட்டினம். ரோசக்காரர். நான் ஒரு மெசேஜ்தான் போட்டன், கோயில் குறூப்பில. பின்னேரத்துக்குள்ள பஸ் நிறைஞ்சிட்டுது.

ஹலோ... இருக்கிறியோ?... என்ன அது, ஆர் கதைக்கிறது?... நேர்ஸோ. என்ன சொல்லுறா?... ம்... பிரஷர் இறங்குதோ. எவ்வளவு?... எனக்கு அந்த நம்பர் ஒண்டும் விளங்காது. நீ அப்பான்ர கையைப் பிடிச்சுக்கொண்டிரு. காலைத் தேய்ச்சு விடு. இந்தச் சனிக்கிழமை டொலார்ட் முருகன் கோயிலில நானே அர்ச்சனை செய்விக்கிறன்...

ஒரு நிமிசமோ? ஒரே ஒரு நிமிசம் குடுக்கட்டாமோ. நீ சொல்லுவாய். அந்த ஒரு நிமிசத்தில அவ எழும்பி ஓடிடுவா, பிள்ளை. கொம்மாவை எனக்குத் தெரியும். இப்பவே அரை மனசோடதான் இருக்கிறா. மத்தியானம் முதல் டேக்கில என்ன செய்தவ தெரியுமோ? செத்த புருசனாக் கிடக்கிறது எங்கட பஸ்ஸில வந்த பேனாட். குளிருக்குப் பல்லு அடிக்குது எண்டாலும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நல்ல பிணமாக் கிடந்தான், குறை சொல்லேலாது. இவ பக்கத்தில போய் இருந்தா. கத்தியை எடுத்தா. பயித்தங்காய் அரியிற மாதிரி சரக் சரக் எண்டு முடியை அரிஞ்சு வச்சா. முகத்தில ஒரு அசைவு? கண்ணில ஒரு சொட்டு? ஒண்டுமில்லை! டிரெக்டர் தலையில கையை வச்சிட்டான்.

நான் போய்க் கேட்டன், ஏனடி அழேல்லை எண்டு. என்ன சொன்னவ தெரியுமோ? "அக்கா, அவர் அங்க ஆஸ்பத்திரியில கிடக்கேக்க நான் இங்க செத்தவீட்டு அழுகை அழுதால் அது பலிச்சிடும். முடியை வெட்டுறன், மண்ணில உருளுறன், என்னவும் செய்யிறன். அழமாட்டன்" எண்டா... ஓம், பிடிச்ச பிடி. கெஞ்சினன், பேசினன், கண்ணில பூசுற மருந்து ஒண்டு இருக்கு, அதைக் கொண்டுபோனன். முகத்தைத் திருப்பிக்கொண்டா. ஒரு சொட்டுத் தண்ணிக்காக நாப்பது பேர் நிக்கிறம் இஞ்ச...

என்ன, தாலியோ? தாலிக்கொடியும் இந்தப் பைக்குள்ளதான் கிடக்குது, போனோட, கண்ணாடியோட... ஓம், கழட்டினதுதான். அபாச்சி மனுசியின்ர கழுத்தில தாலிக்கொடி கிடக்கலாமோ?... அவ கழட்டமாட்டன் எண்டுதான் நிண்டவ. நான்தான் என்ர கையால கழட்டினனான். எல்லாப் பொம்பிளையளும் கழட்டியாச்சு, நீ மட்டும் என்ன பெரிய கண்ணகியோ எண்டு கேட்டன்... இல்லை, மற்றவை கழட்டேல்லை. அவையள் பின்னால நிக்கிற சனம், போர்வைக்குள்ள மறைச்சாக் காணும். அவவுக்கு அது தெரியாது.

...

இப்ப ஏன் குழறுறாய்? நல்லா யோசிச்சுப் பார். இப்ப நீ போன் எடுத்து, அம்மா, அப்பாவுக்கு ஏலாமக் கிடக்கு எண்டு சொன்னாயெண்டால் அவவுக்கு முதல்ல என்ன தோணும்? காலமை கழுத்தில கைவச்சது தோணும். சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பா, நான் தாலியைக் கழட்டினன், அவர் செத்துப்போனார் எண்டு. உன்னையும் சொல்லிக் கொல்லுவா. அதுதான் உனக்கு வேணுமோ? நான் நல்லதுக்குத்தான் சொல்லுறன். வேலை முடியட்டும், தாலியைத் திரும்பக் கழுத்தில போட்டுவிட்டு, நானே பக்குவமாச் சொல்லி அனுப்புறன்...

ஆரிட்ட? ஆலோசகர் மனுசியிட்டயோ? அவவின்ர நம்பர் உனக்கு எங்கால?... வசீகரனுக்கு எடுப்பியோ. எடு. அவன்ர போனும் என்ர பையிலதான். இந்தா, பத்தாம் நம்பர் பை... பாத்தியே. அதுக்குத்தான் நான் போனை வைக்காமல் உன்னோட கதைச்சுக்கொண்டிருக்கிறன். வச்சா நீ எங்கயாவது அடிப்பாய்.

அந்த மனுசியிட்ட மட்டும் இது போகக்கூடாது பிள்ளை. அவ ஒரு மாதிரி ஆள். நல்ல மனுசிதான், ஆனா ஒரு மாதிரி. முதல் நாளே எங்களை இருத்தி வச்சுச் சொன்னவ, எங்கட பக்கத்தில செத்தவரின்ர பேரைக் கூப்பிடுறதில்லை, அதுக்கு ஒரு மரியாதை இருக்கு, விளையாட்டா எடுக்காதைங்கோ எண்டு. கதையில செத்தவனுக்கு வச்ச பேரையும் எடுப்பிச்சுப்போட்டா. நடிக்கிறவளின்ர வீட்டில இப்ப உண்மையிலயே ஒரு உயிர் இழுத்துக்கொண்டு கிடக்குது எண்டு கேள்விப்பட்டா, இந்த நிமிசமே எல்லாத்தையும் நிப்பாட்டிப்போடுவா...

ஓம், நிப்பாட்டினாத்தான் என்ன எண்டு உனக்கு இருக்கும். எனக்கு அப்பிடியில்லை.

...

பாவமோ? ஆருக்குப் பாவம்? சாரு, உனக்கொரு கதை சொல்லட்டோ. தொண்ணூத்தஞ்சில என்ர அம்மா செத்தவ. சண்டைக்கு இடம்பெயர்ந்து போய், சாவகச்சேரியில, ஒரு பள்ளிக்கூட விறாந்தையில. எனக்கு இஞ்ச பதினொரு நாளைக்குப் பிறகுதான் தெரியும். அந்தப் பதினொரு நாளும் நான் வேலைக்குப் போனன், சமைச்சன், ஒருக்கா கலியாணவீட்டுக்கும் போய்ச் சிரிச்சு வீடியோவுக்கு நிண்டன். தெரிஞ்ச அண்டைக்கும் இரவு வேலைக்குப் போனன். எனக்கு ஆர் காரில ஏத்தி அனுப்பினது? ஆர் கையைப் பிடிச்சது? ஒருத்தருமில்லை. நான் செத்தா போனன்? கொம்மா ஒரு அரை மணித்தியாலம் தெரியாமல் இருந்தா என்ன குறைஞ்சிடும்?...

ம்? என்ன?... என்ன சொல்லுறார்?... சொண்டு அசையுதோ... "மதி" எண்டோ? வடிவாக் கேட்டனியோ?... மதியெண்டு.

...

ம்.

அம்மா வாறா எண்டு சொல்லு அவருக்கு. வந்துகொண்டிருக்கிறா எண்டு... பொய்தான். போற ஆளுக்குப் பொய் நோகாது... சொன்னனியோ? திரும்பவும் கேக்கிறாரோ?... அம்மான்ர குரல் கேக்கோணும் போல இருக்கோ. ம். அதுக்கு நான் என்ன செய்ய. அங்க "சத்தம் போடாதையுங்கோ" எண்டு கை காட்டுறாங்கள். முடி குத்தி முடியப்போகுது...

பொறு. பொறு பொறு. போனை அவற்ர காதில வை.

இல்லை, அவவுக்குக் குடுக்கப்போறதில்லை. நான் கதைக்கிறன்... நான்தான். ஏன், எனக்குக் கொம்மா மாதிரிக் கதைக்கத் தெரியாதோ? உங்கட மட்டக்களப்புக் கதையை பஸ்ஸில எத்தினை தரம் கதைச்சுக் காட்டிச் சிரிப்பிச்சிருக்கிறன், கொம்மாவே விழுந்து விழுந்து சிரிச்சவ... பகிடி இல்லை பிள்ளை. மனுசன் பெண்சாதியின்ர குரலைக் கேட்டுக் கண்ணை மூடட்டும். இல்லாட்டிக் கேக்காமலே போகட்டும். ரெண்டில ஒண்டு. நீதான் முடிவெடு. நேரம் இல்லை...

வச்சிட்டியோ? கிட்டவாப் பிடி.

இஞ்சேருங்க... நான்தான், மதி... ஓம், வந்திட்டிரிக்கன்... பாலத்தடியில நிக்கன், இந்தா வந்திருவன்... மறுகா ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. பிள்ள பக்கத்திலதான இரிக்காள்... நான் எங்க போகப்போறன்... கண்ண மூடிக்கிட்டு மெல்லமாப் படுங்க... ஓம்... ஓம்... நான்தான்...

...

எடுத்தாச்சோ? சாரு? கேட்டவரோ? என்ன செய்தவர்?... கையை அசைச்சவரோ! கண்ணால தண்ணி வந்ததோ! பாத்தியே! நான் சொன்னனான் எல்லே! கமரா இல்லை, வெளிச்சம் இல்லை, ஒத்திகை இல்லை, ஒரே டேக்! அவன் என்னை நல்லாச் சாப்பிட்ட ஆள் எண்டானாம்...

என்ன சத்தம் அது?... மெஷினோ?... நேர்ஸைக் கூப்பிடு... வந்திட்டினமோ. தள்ளி நிக்கச் சொன்னா தள்ளி நில்லு... ம்... ம்...

...

சாரு?

...

முடிஞ்சுதோ.

...

எத்தினை மணி எண்டு சொன்னவை?... ஐஞ்சு பன்னிரண்டு. ம். நல்ல மனுசன். ஒருத்தருக்கும் ஒரு கரைச்சல் குடுக்காத மனுசன், ஞானசுந்தரம்... அழு. இனி அழு. அடக்காதை... ஓம், குஞ்சு... ஓம், செல்லம்... நான் இருக்கிறன்...

...

அப்ப, பிள்ளை... இனி அவ அழலாம்தானே.

இல்லை, ஒண்டுமில்லை. நான் சும்மா யோசிச்சன்... என்ன கேட்டனீ? அம்மாவோட கதைக்கோணுமோ? ஓம், ஓம், கட்டாயம் கதைக்கத்தானே வேணும். இப்ப குடுக்கிறன். இந்தா, போய்க்கொண்டிருக்கிறன்... ஓம், உடன. ஏன் திடீரெண்டு எண்டு கேக்கிறியோ? இதென்ன கேள்வி? புருசன் போனதைப் பெண்சாதிக்கு மறைக்கலாமோ? நான் என்ன அவ்வளவு கல்லோ?... நீயே உன்ர வாயால சொல்லு. நான் சொல்லுறது சரியில்லை. மகள் சொல்லோணும். சுத்தி வளைக்காமல் சொல்லு, என்ன? "அம்மா, அப்பா போயிட்டார்." அவ்வளவுதான். நல்லாச் சத்தமா, அழுதுகொண்டு சொல்லு...

வசீ! டேய், வசீ! டிரெக்டரிட்ட ஓடிப்போய்ச் சொல்லு, இப்பவே எடுக்கட்டாம் எண்டு. கமரா முகத்துக்குக் கிட்டப் போகட்டும். முடி குத்தியாச்சோ?... கத்தி கையில இருக்கோ?... நான் அவவின்ர வலக்காதுப் பக்கம் போனைப் பிடிச்சுக்கொண்டு குந்தியிருக்கிறன், முடிக்குள்ள மறையும், படத்தில விழாது. சத்தம் தேவையில்லை, முகம் வந்தாக் காணும்... உனக்கேன் அதெல்லாம்? சொன்னதைச் செய். அந்த ஆலோசகர் மனுசியைத் தேத்தண்ணிக் கூடாரத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் விட்டிட்டு ஓடி வா...

ஹலோ, சாரு, இருக்கிறியோ?... கேட்டதோ? என்னத்தைக் கேட்டனீ?... அது வேற விசயம் பிள்ளை, உனக்குச் சொன்னதில்லை... அழுகை நிண்டிட்டுதே, ஏன்? என்ன யோசிக்கிறாய்?... ஓம்... சொல்லுவாய்தானே?... என்ர குஞ்செல்லே. கெட்டிக்காரி. 

ஜெயமதி... அசையாதை, அப்பிடியே இரு, முடி கழண்டிடும். சாரு கதைக்கிறாள். ஆஸ்பத்திரியில இருந்துதான்... தெரியாதடி, உன்னட்டத்தான் சொல்லுவாளாம். கையால பிடிக்காதை, நான் பிடிக்கிறன். கத்தியை விடாதை... வசீ, ஓடுதோ?... ஓடுதோ? சரி.

சாரு, சொல்லு. அம்மா கேக்கிறா.

...

...

...

என்ன... ஏன்? ஜெயமதி, ஏன் சிரிக்கிறாய்? இஞ்ச, கும்பிடாதை, கையை இறக்கு, கமரா ஓடுது... பேனாட், எழும்பாதையடா, நீ பிணம்! எல்லாரும் அப்பிடியே இருங்கோ!

சாரு, நான் அவவை விட்டு அங்கால தள்ளி வந்திட்டன். என்ன சொன்னனீ கொம்மாவுக்கு?... திரும்பச் சொல்லு... "அப்பா கண் முழிச்சிட்டார், கஞ்சி கேக்கிறார்" எண்டோ?

...

அவ சிரிக்கிறாடி. மண்ணில இருந்துகொண்டு, முகமெல்லாம் பல்லாச் சிரிக்கிறா. டிரெக்டர் என்னைப் பாக்கிறான்... ஓ. நான் வசீயோட கதைச்சது கேட்டதோ. கேட்டுத்தான் சொன்னனியோ. உன்ர அம்மான்ர அழுகையை ஒருத்தனும் படம் பிடிக்கக்கூடாதோ. காரில ஏத்தி அனுப்பினா நீயே கட்டிப்பிடிச்சுச் சொல்லுவியோ... நல்லது. நல்ல பிள்ளை வளர்த்திருக்கிறா ஜெயமதி.

இப்ப நான் சொல்லுறதைக் கேள். முடி இன்னும் வெட்டேல்லை. தலையில அப்பிடியேதான் இருக்கு. வெளிச்சம் இன்னும் பத்து நிமிசம் கிடக்கு. நீ சொல்லாட்டி எனக்கும் வாய் இருக்கு... ஓம்... கெஞ்சு... நல்லாக் கெஞ்சு... அன்ரிதான், ஓம்... இல்லை. மாட்டன்.

வசீ, கமரா நிப்பாட்ட வேண்டாம் எண்டு சொல்லு!

நான் வைக்கிறன் பிள்ளை. போய்ச் சொல்லோணும்.